நூற்றுக்குத் தொண்ணூற்றாறு

செவ்வாய்க்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது குளியலறைச் சுவர் ஓடத் தொடங்கியது. தலை கிறுகிறுத்தது என்று சொன்னால் போதாது. வெள்ளை ஓடுகள் வலமிருந்து இடமாக ஓடின. ஓடி முடித்துத் திரும்பி வந்து மறுபடி ஓடின. குழாயைப் பிடித்தேன். குழாயும் சேர்ந்து ஓடியது. அடுத்து எனக்குத் தெரிந்ததெல்லாம் கன்னத்தில் ஈரத் தரை, வாயில் பற்பசை நுரை, கதவுக்கு வெளியே அம்மாவின் குரல்.

"டேய் முகிலா, இன்னாடா சத்தம்?"

எனக்கு இருபத்து மூன்று வயது. பிசியோதெரபி படித்துவிட்டுக் கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஆறு மாதப் பயிற்சியில் இருந்தேன். அடுத்தவர்கள் விழாமல் நடக்கக் கற்றுத்தருவதுதான் என் வேலை. அன்றைக்கு, தியாகதுருகத்தில் அப்பா ஓடிப்போய்ப் பிடித்துவந்த வாடகைக் காரில், அம்மா மடியில் தலையும் கையில் பிளாஸ்டிக் பையுமாக, அதே மருத்துவமனையில் நோயாளியாகப் போய் இறங்கினேன். கண்ணை மூடினால் கார் குட்டிக்கரணம் அடித்தது. திறந்தால் உலகமே அடித்தது.

தலைச்சுற்றல் வந்து பயந்துபோனவர்களுக்கு என்ன நடக்கும், என்னென்ன செய்வார்கள் என்று சொல்வதற்காகத்தான் இதை எழுத ஆரம்பித்தேன். ஆனால் எழுத உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் பச்சையம்மாள் நடுவில் வந்து நின்றுவிடுகிறார். அவரை விட்டுவிட்டு இதைச் சொல்ல முடியாது. வரிசையாகவே சொல்கிறேன்.

அவசரப் பிரிவில் டாக்டர் என் இரண்டு கன்னங்களையும் பிடித்துக்கொண்டு, "என் மூக்கையே பாரு" என்றார். பார்த்தேன். சட்டென்று தலையை வலப்பக்கம் வெட்டித் திருப்பினார். மூக்கிலேயே நிற்கவேண்டிய என் கண்கள் தலையோடு சேர்ந்து நழுவிப் போய், அப்புறம் அவசரமாகத் திரும்பி வந்தன. இந்தச் சோதனையை நான் கல்லூரியில் படித்திருக்கிறேன், பரீட்சையில் படம் போட்டு எழுதியிருக்கிறேன். அதற்கு மதிப்பெண்கூட வாங்கினேன். ஆனாலும் அந்த நிமிடம் என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று: மூளையில் ஏதோ உடைந்துவிட்டது.

உடையவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். குழாய்க்குள் படுக்கவைத்து, காதுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையை இடிக்கிற சத்தத்தில் அரை மணி நேரம். அம்மா வெளியே கண்ணாடிக் கதவில் நெற்றியை ஒட்டிவைத்து நின்றதாகப் பிறகு அப்பா சொன்னார். மாலையில் டாக்டர் வந்து, "மூளை சுத்தமா இருக்கு. இது காது" என்றார்.

பெயர் வெஸ்டிபுலர் நியூரைட்டிஸ். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். காதின் உட்பக்கத்தில் மூன்று சின்ன அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவை மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் செய்தியை எடுத்துப்போகிற நரம்பு, பெரும்பாலும் சளிக்காய்ச்சல் மாதிரி ஏதாவது வந்துபோன பிறகு, வீங்கிக்கொள்ளும். எனக்கு வலது காது பேச்சை நிறுத்திவிட்டது. இடது காது மட்டும் பேசிக்கொண்டிருந்தது. ஒரு தரப்பை மட்டும் கேட்ட மூளை, தலை இடது பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று தீர்ப்பு எழுதிவிட்டது. அவ்வளவுதான். உயிருக்கு ஆபத்தில்லை. நிற்கத்தான் முடியாது.

அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "காதுதானங்க டாக்டர்? எண்ண காய்ச்சி ஊத்துனா வுட்டுடாதா?" என்றார்.

"அம்மா, உங்களுக்குப் புண்ணியமா போவும். எதையும் ஊத்திடாதீங்க."

மூன்று நாள் ஊசி, மாத்திரை, வாந்தி. கழிப்பறைக்குப் போகும்போது அப்பா முன்னால் பின்பக்கமாக நடந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்வார். கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு நேரே வந்திருப்பார். கால் விரல் இடுக்கில் சேறு காய்ந்திருக்கும். எனக்கு நடை பழக்கிய காலத்தில் இப்படித்தான் பிடித்திருப்பார் என்று நினைக்கும்போது வெட்கமாக இருக்கும். அவர் "படி" என்பார். "ஈரம்" என்பார். அவ்வளவுதான்.

இப்போது படிவத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அன்றாட வேலைகளைச் செய்யும்போது விழாமல் இருப்போம் என்கிற நம்பிக்கை ஒருவருக்கு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க, ஆங்கிலத்தில் ஒரு கேள்விப் படிவம் இருந்தது. குனிந்து செருப்பை எடுக்கும்போது, பரணில் இருப்பதை எட்டி எடுக்கும்போது, கூட்டத்தில் நடக்கும்போது என்று பதினைந்து கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நூறு வரை சொல்லவேண்டும். எங்கள் பிசியோதெரபி பிரிவுக்குத் தலைவியான மேடம் தலைமையில் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தோம். பனி உறைந்த நடைபாதைக்கு இங்கே எங்கே போவது? ஈர வரப்பு என்று மாற்றினோம். நகரும் படிக்கட்டுக்குப் பதிலாக டவுன் பஸ் படி. மலைக்காரர்களுக்காக ஒரு கேள்வியை நானே எழுதினேன்: ஈரச் சரிவில் தண்ணீர்க் குடத்தோடு இறங்கும்போது. மேடம் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டியதில் எனக்கு ஒரு வாரம் கால் தரையில் படவில்லை.

மொழிபெயர்த்ததும் அப்படியே பயன்படுத்திவிட முடியாது. நோயாளிகளிடம் கேட்டுச் சோதிக்கவேண்டும். பதிலை வாங்கினால் மட்டும் போதாது, கேள்வி முடிந்ததும் "இதை நீங்கள் என்னவென்று நினைத்துப் பதில் சொன்னீர்கள்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதவேண்டும். உண்மையில் அதற்குப் பெயர்தான் சோதனை. அதற்காகப் படிவத்தின் ஓரத்தில் ஒரு தனிப் பத்தியே விட்டிருந்தோம்.

நான் வேகமான ஆள். எல்லாரும் என்னைப் பற்றிச் சொல்வது அதுதான். ஒருவருக்கு அரை மணி நேரம் ஆகவேண்டியதைப் பத்து நிமிடத்தில் முடித்தேன். எப்படியென்றால், சதவீதம் என்றதும் விழிக்கிறவர்களுக்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். "ஒண்ணும் இல்லீங்க. பரிட்சையில நூத்துக்கு இவ்ளோன்னு மார்க் போடறாங்க இல்ல, அதுமாதிரி. நீங்க மார்க் போடுங்க, நான் எழுதிக்கிறேன்." உடனே முகம் மலரும். மளமளவென்று பதில் வரும். அவ்வளவு தெளிவாகப் பதில் சொல்கிறவர்களிடம் "என்னவென்று நினைத்தீர்கள்?" என்று வேறு கேட்பானேன்? ஓரத்துப் பத்தியில் எல்லாருக்கும் ‘புரிந்தது’ என்று டிக் போட்டேன். சில நாள் எல்லாத் தாள்களுக்கும் சேர்த்து சாயங்காலம் உட்கார்ந்து போட்டேன்.

பச்சையம்மாள் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். மரவள்ளிக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது சின்னதாகப் பக்கவாதம் வந்து இடது கால் இழுத்துக்கொண்டது. இரண்டு வாரமாக நான்தான் அவரை நடக்கவைத்துக்கொண்டிருந்தேன். தரையில் ஒட்டிய மஞ்சள் பட்டை மேல் அடிமேல் அடியாக நடக்கச் சொன்னால், "இது இன்னாப்பா, போலீஸ்காரன் குடிகாரன நடக்க வுடற மாதிரி" என்று சிரிப்பார். வாசலில் அவர் மகன் செல்வம் துண்டை விரித்துப் படுத்துக் கிடப்பான். கேரளாவில் மிளகுத் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு வந்திருந்தான்.

படிவத்தை எடுத்து மார்க் கதையைச் சொன்னதும் பச்சையம்மாள் கேட்டார்: "அப்போ எவ்ளோ போடட்டும்ப்பா?"

"உங்க இஷ்டங்க. நீங்கதான டீச்சர்."

சிரித்தார். நூறு, நூறு, நூறு என்று சொல்லிக்கொண்டே வந்தார். நானும் எழுதிக்கொண்டே போனேன். குடக் கேள்வி வந்ததும் மட்டும் நின்றார். ஜன்னலைப் பார்த்தார். என் கையில் இருந்த பேனாவைப் பார்த்தார். ஏதோ தப்புச் செய்கிறவர் மாதிரி, "இதுக்கு மட்டும் நாப்பது போட்டுக்கப்பா" என்றார். போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்கவில்லை. பதினைந்தையும் கூட்டி வகுத்தால் தொண்ணூற்றாறு.

மறுநாள் மேடம் ரவுண்ட்ஸ் வந்தபோது, "அந்த அம்மா இன்னும் காலை இழுக்கறாங்களே, இன்னொரு வாரம் வெச்சிருந்து அனுப்பலாமா?" என்று யோசித்தார்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நான்தான் முந்திக்கொண்டேன். "மேடம், ஸ்கோர் தொண்ணூத்தாறு மேடம்! இதுவரைக்கும் வந்ததுலயே இதுதான் ஜாஸ்தி."

"இன்னும் சோதனையில இருக்கிற படிவம்தானே முகிலன்?"

"இருந்தாலும் மேடம், எல்லாத்துக்கும் டக்கு டக்குன்னு சொன்னாங்க. அவ்ளோ தைரியம்."

மேடம் செல்வத்தைப் பார்த்தார். ஊருக்குப் போனால் போதும் என்று இருந்தது அவன் முகம். கைத்தடியோடு அனுப்பிவைத்தோம். பச்சையம்மாள் போகும்போது என் தலையில் கைவைத்து, "நல்லா வருவப்பா" என்றார்.

நான் மருத்துவமனையில் படுத்தது இதற்கு ஒரு மாதம் கழித்து.

நான்காம் நாள், சுவர் ஓடுவதை நிறுத்திவிட்டு இலேசாக ஆடிக்கொண்டிருந்தபோது, கீர்த்தனா வந்தாள். எனக்கு ஜூனியர். கையில் என் படிவம்.

"அண்ணா, உங்களையும் எடுத்துக்கலாமான்னு மேடம் கேக்கச் சொன்னாங்க. காது நரம்பு கேஸ் நம்மகிட்ட ஒண்ணுகூட இல்ல."

எனக்கு ஒரே சந்தோஷம். தலையணையை நிமிர்த்திவைத்து உட்கார்ந்தேன். கீர்த்தனா நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, அதே மார்க் வசனத்தோடு தொடங்கினாள். நானும் நேர்மையாகச் சொன்னேன். வீட்டுக்குள் நடக்கும்போது? முப்பது. குனிந்து செருப்பை எடுக்கும்போது? இருபது. ஈர வரப்பு? பூஜ்யம்.

கட்டில் ஓரத்தில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த அம்மா பழத்தைக் கீழே வைத்தார்.

"இன்னாடா இது, முப்பதுங்கற, இருவதுங்கற! புள்ள வேர்க்க விறுவிறுக்க வந்து கேட்டுக்கினு இருக்குது. ஒரு நூறு போட்டா கொறஞ்சா பூடுவ?"

"ம்மா, எனக்கு நடக்க முடியல. அதத்தான் சொல்றேன்."

"நடக்க முடியலன்னா டாக்டராண்ட சொல்லு. அந்தப் பொண்ணு இன்னா பண்ணும்? நீ கம்மியா போட்டா அது ஃபெயில் ஆயிடாதா?"

கீர்த்தனா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ம்மா, மார்க்கு யாருக்குன்னு நெனச்ச?" என்று கேட்டேன்.

"யாருக்கா? பரிட்ச எழுதறது அதுதான? அதுக்குத்தான் மார்க்கு."

எதிர்க் கட்டிலில் கோவிந்தன் ஐயா இருந்தார். சின்னசேலத்தில் மக்காச்சோள மண்டி வைத்திருப்பவர். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போய், புண்ணுக்காக அடிக்கடி வந்து போகிறவர். முன்பு ஒருமுறை அவரிடமும் நான் படிவம் நிரப்பியிருக்கிறேன். அவர் காலை நீட்டியபடியே சொன்னார்: "கரெக்ட்டா சொன்னம்மா. அன்னிக்கி இந்தத் தம்பி வந்தப்பகூட நான் எல்லாத்துக்கும் தொண்ணூறுக்கு மேலதான் போட்டேன். படிக்கிற புள்ள வயித்துல எதுக்கு அடிக்கணும்?"

"ஐயா, உங்களுக்குப் பாதத்துல உணர்ச்சியே இல்லையே. படியில எப்படி எறங்கறீங்க?"

"எங்க எறங்கறேன்? மாடிக்குப் போயி வருசம் ரெண்டாச்சி தம்பி. அதையா நீ கேட்ட?"

அதைத்தான் கேட்டிருக்கவேண்டும்.

கீர்த்தனாவிடம் பழைய தாள்களை எடுத்துவரச் சொன்னேன். எழுத்துகள் நீந்தின. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, நூறு. காலை இழுப்பவர்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள், மனைவி தோளில் கைபோட்டு வந்தவர்கள், எல்லாரும் கைநிறைய எனக்கு மார்க் போட்டிருந்தார்கள். ஓரத்தில் வரிசையாக என் டிக். ஒரே சாய்வு, ஒரே வேகம், ஒரே பேனா.

பச்சையம்மாள் தாளில் இருந்த எண்ணுக்கு ஃபோன் போடச் சொன்னேன். மலையில் சிக்னல் வந்து வந்து போகும். ஐந்தாவது முறை செல்வம் எடுத்தான். கீர்த்தனா ஸ்பீக்கரில் வைத்தாள்.

"செல்வம், நான் பிசியோ முகிலன். அம்மா எப்படி இருக்காங்க?"

"அது... வுழுந்துட்டாங்க சார். இருவது நாள் ஆவுது."

"எங்க? எப்படி?"

"ஊத்துல தண்ணி மொண்டுக்கினு எறங்கும்போது. மழ பேஞ்சி சறுக்கலா இருந்திச்சி. வேணாம்னுதான் சொன்னேன். நான் வேலைக்குப் போவணும்னு, அவங்களே எல்லாம் செய்யறேன்னு கெளம்பிட்டாங்க. இடுப்பு எலும்பு சார். ஜி.எச்.ல ஆபரேசன் பண்ணி கம்பி வெச்சிருக்காங்க."

நான் எழுதிய கேள்வி. என் மலைக்காரக் கேள்வி. நூறுகளுக்கு நடுவில் அவர் சொன்ன ஒரே உண்மை அங்கே உட்கார்ந்திருந்தது. அதை நான் கூட்டி வகுத்துத் தொலைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மேடம் கட்டிலுக்கே வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், சாயங்காலத்து டிக் உட்பட. அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாள்களைக் கையில் எடுத்துக்கொண்டார். முதலிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும் என்றார். மார்க் என்ற சொல்லே வரக்கூடாது. இந்த வேலையை இப்போது யார் செய்கிறார்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் மற்றது. கேள்வியை என்னவென்று நினைத்தார்கள் என்பதை அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே எழுதவேண்டும். டிக் கிடையாது.

எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த நோய்க்கு மருந்தைவிடப் பயிற்சிதான் முக்கியம். கையை நீட்டிக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டவேண்டும். பஞ்சு மெத்தைமேல் நிற்கவேண்டும். சுற்றல் வரும், வரவேண்டும். அப்போதுதான் மூளை ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு ஓட்டக் கற்றுக்கொள்ளும். படுத்தே கிடந்தால் நாள் இழுக்கும். அம்மா எதிரே உட்கார்ந்து எண்ணுவார். இருபது வரை எண்ணவேண்டிய இடத்தில் பதினைந்துக்கு அப்புறம் நேரே இருபதுக்குத் தாவுவார்.

"ம்மா, நடுவுல நாலு காணமே."

"போதும் வுடுடா. மூஞ்சி வெளுத்துப்போச்சி."

ஐந்து வாரம் கழித்து மலைக்குப் புறப்பட்டேன். தனியாக விடமாட்டேன் என்று அம்மாவும் வந்தார். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் எனக்குப் பழைய சுவர் மறுபடி ஓடியது. அம்மா என் சட்டைக் காலரை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, கடைசி வளைவு வரை விடவில்லை. எதிர் சீட்டுக்காரர், "இன்னாம்மா, பையன் குதிச்சிடுவான்னு பயமா?" என்று கேட்டதற்கு, "ஆமா, ரெக்கை மொளச்சிருக்குது" என்றார்.

பச்சையம்மாள் வீட்டுக்குள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரும்பு வாக்கர். இளைத்துப்போயிருந்தார். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார், ஓடிப்போய் உட்காரவைத்தேன். ஓடியதில் நானே ஆடிப்போய்ச் சுவரைப் பிடித்தேன்.

"உனக்கு இன்னாப்பா ஆச்சி?"

சொன்னேன். காது, நரம்பு, ஒரு தரப்புப் பேச்சு எல்லாம். தன் இடுப்பை மறந்துவிட்டு என் கதைக்கு அச்சச்சோ கொட்டினார். செல்வம் இரண்டு குடத்தோடு சரிவில் இறங்கி வருவது வாசல் வழியாகத் தெரிந்தது.

"இப்ப தண்ணி செல்வந்தானாம்மா?"

"அவன்தான். சோறும் அவன்தான். மொளகுக்குப் போவேண்டியவன், என்னால நின்னுக்கினான்."

பையிலிருந்து எதையும் எடுக்கவில்லை. பேனாகூட எடுக்கவில்லை.

"அம்மா, அன்னிக்கி ஆஸ்பத்திரியில உங்ககிட்ட ஒண்ணு கேக்காம வுட்டுட்டேன். நூறு நூறுன்னு சொன்னீங்களே, இன்னான்னு நெனச்சி சொன்னீங்க?"

"இதுல நெனைக்க இன்னா இருக்குது? உனக்கு மார்க்கு போடச் சொன்ன, போட்டேன். கையப் புடிச்சி நடக்க வெச்ச புள்ளைக்கி மனசு வருமா கொறச்சிப் போட?"

என் அம்மா என்னைப் பார்க்கவில்லை. வாக்கரின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"என் தப்பும்மா. நீங்க இன்னும் ஒரு வாரம் இருந்திருக்கணும். நான்தான் அனுப்பலாம்னு..."

பச்சையம்மாள் நான் சொன்னதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. அவருக்கு வேறு கவலை இருந்தது. இரண்டு மாதமாகக் கேட்கக் காத்திருந்தவர் மாதிரி முன்னால் சாய்ந்தார்.

"அது கெடக்கட்டும். பாஸ் ஆயிட்டியாப்பா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏற்கெனவே நிறையச் சொல்லியாகிவிட்டது, டிக் டிக்காக.

"இல்லம்மா."

அவர் முகம் வாடிவிட்டது. அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

"அந்தக் கொடத்துக் கேள்விக்கு நாப்பது போட்டேனே, அதனாலயாப்பா?"